பழைய ஏடுகளும் புதிய அறிவும்

"தரவு அகழ்வு" என்னும் ஆராய்ச்சித் துறையைப் பற்றிச் சில கருத்துக்களை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். பெயர் புதியது, கேட்போருக்குச் சற்று மருட்சியைத் தருவதுங்கூட. எனினும் அகழ்தல் என்ற சொல் மன்னார் மக்களுக்குப் புதியதன்று. மாந்தையின் பழைய துறைமுக மேட்டிலே 1980 முதல் 1984 வரை தொல்லியலாளர் அகழ்ந்தபோது சீனத்துப் பீங்கான் ஓடுகளும், மேற்காசிய மட்கலத் துண்டுகளும், மணிகளும் வெளிப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தி, உடைந்தபின் எறிந்துவிட்டுப் போனவர்கள், பல நூற்றாண்டுகள் கழித்து ஓர் அறிஞர் வந்து அவற்றைப் பொறுக்கியெடுத்துத் தங்கள் வாணிகத்தின் வரலாற்றை எழுதுவார் என்று கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

தரவு அகழ்வும் இத்தகையதே. இங்கு அகழப்படுவது மண் அன்று, ஏடு. வைத்தியசாலையின் நோயாளர் பதிவு, வங்கியின் வைப்புக் கணக்கு, கடையின் பற்றுச்சீட்டு, மழைமானியின் அன்றாட அளவு, பாடசாலையின் வரவு இடாப்பு ஆகியன யாவும் ஏதோவொரு நாளாந்தத் தேவைக்காக எழுதப்பட்டவை. தேவை தீர்ந்ததும் அவை அலுமாரிக்குள்ளோ கணினிக்குள்ளோ அடங்கிவிடுகின்றன. எழுதியவர் எண்ணியிராத ஓர் அறிவை அக்குவியலிலிருந்து முறைப்படி தேடியெடுப்பதே தரவு அகழ்வு எனப்படும். கடலிலே குளித்தெடுத்த சிப்பி எல்லாவற்றிலும் முத்து இருப்பதில்லை. ஆனால் திறந்து பாராதவனுக்கு ஒரு முத்தும் கிடைப்பதில்லை.

இதனைக் கணினி பெற்றெடுத்த கலை என்று பலர் கருதுகின்றனர். கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இப்பணி கையினாலும் கண்ணினாலும் செய்யப்பட்டிருக்கின்றது. அமெரிக்கக் கடற்படையிலே மத்தியூ மோறி என்றோர் அதிகாரி இருந்தார். 1839ஆம் ஆண்டு நேர்ந்த வண்டி விபத்தொன்றில் அவருடைய கால் ஊனமுற்றது. கப்பலேற இயலாத அவரை 1842ஆம் ஆண்டிலே கடல் வரைபடங்களும் கருவிகளும் வைக்கப்பட்டிருந்த களஞ்சியத்துக்குப் பொறுப்பாளராக்கினர். அங்கே பழைய கப்பல்களின் நாட்குறிப்புப் புத்தகங்கள் தூசி படிந்து கிடந்தன. எந்த நாளில், எந்த இடத்தில், எத்திசைக் காற்று வீசிற்று, நீரோட்டம் எவ்வாறிருந்தது என்று மாலுமிகள் எழுதிய குறிப்புக்கள் அவற்றில் இருந்தன. பயணம் முடிந்தபின் அவற்றை எவரும் புரட்டிப் பார்த்ததில்லை. மோறி அவற்றைத் திரட்டி, இடவாரியாகவும் மாதவாரியாகவும் வகுத்து, 1847ஆம் ஆண்டு முதல் காற்று, நீரோட்ட வரைபடங்களை வெளியிட்டார். அவற்றைக் கைக்கொண்ட பாய்க்கப்பல்களுக்குப் பயண நாள்கள் பெரிதும் குறைந்தன. ஒவ்வொரு மாலுமியும் தான் கண்ட கடலை மட்டுமே அறிந்திருந்தான். அனைவருடைய குறிப்புக்களையும் ஒருசேரப் படித்தவரோ கப்பலேறாமலே அவர்களுக்கு வழிகாட்டினார்.

மோறி சில எழுத்தரைக்கொண்டு செய்ததை இன்று கணினி சில நாழிகையிலே செய்துவிடுகின்றது. ஏடுகள் பெருகினமையால் அவற்றைப் படிக்கும் முறைகளும் ஒரு தனி ஆராய்ச்சித் துறையாக வளர்ந்தன. 1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ரொயிற் நகரிலே இத்துறை ஆய்வாளர் ஒரு சிறு பயிலரங்கிற் கூடினர். 1995ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் முதலாவது அனைத்துலக மாநாடு நடைபெற்றது. இடைப்பட்ட 1993ஆம் ஆண்டிலே ராகேஷ் அகர்வால் என்னும் இந்திய அறிஞர், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில், தம் தோழர் இருவருடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிக்கற்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது.

அக்கட்டுரை எழுப்பிய வினா மிக எளியது. கடைக்கு வருவோர் ஒரு பொருளை வாங்கும்போது அதனோடு சேர்த்து வேறு எப்பொருளை வாங்குகின்றனர்? பேசாலையிலே ஒரு பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்வோம். அக்கடையின் 100 பற்றுச்சீட்டுக்களை எடுத்துப் பார்க்கின்றோம். அவற்றுள் 40 சீட்டுக்களில் தேங்காய் இருக்கின்றது. அந்த 40இல் 30 சீட்டுக்களில் மிளகாயும் இருக்கின்றது. ஆகவே தேங்காய் வாங்குவோருள் நூற்றுக்கு 75 பேர் மிளகாயும் வாங்குகின்றனர். இவ்வாறு காணப்படுவதைச் சேர்க்கை விதி என்பர். ஆயிரம் பொருள்களும் பல இலட்சம் சீட்டுக்களும் உள்ள பெருங்கடையிலே இத்தகைய விதிகளை ஒன்றும் விடாது தேடுவதற்கான வழியைத்தான் அகர்வாலும் அவருடைய தோழரும் வகுத்தனர்.

ஆனால், நேயர்களே, இங்கே சற்று நிதானிக்க வேண்டும். அதே 100 சீட்டுக்களில் மொத்தம் 80 சீட்டுக்களில் மிளகாய் இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அப்படியாயின் பொதுவாக வருவோருள் நூற்றுக்கு 80 பேர் மிளகாய் வாங்க, தேங்காய் வாங்குவோருள் 75 பேர்தாம் வாங்குகின்றனர். தேங்காய் மிளகாயை அழைத்து வருவதாக நாம் கொண்ட முடிவு தலைகீழாகின்றது. எண் பொய் சொல்லவில்லை. அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய மற்றோர் எண்ணை நாம்தாம் கேளாது விட்டோம். ஓர் எண்ணை அதன் துணையெண் இன்றி நம்புதல் ஆகாது என்பது இத்துறையின் முதற் பாடமாகும்.

சேர்க்கை விதியைத் தவிர வேறு முறைகளும் உள. ஆசிரியர் ஒருவர், வரவு குறைந்தவர், தூரத்திலிருந்து வருபவர், வீட்டிலே விளக்கு வசதியற்றவர் என்று படிப்படியாக வினவி, எந்த மாணவனுக்கு உதவி தேவைப்படும் என்று தீர்மானிப்பதுண்டு. அதே போக்கில் கணினி தானாகவே வினாக்களை வரிசைப்படுத்தி அமைக்கும் முறைக்குத் தீர்மான மரம் என்று பெயர். அவுஸ்திரேலிய அறிஞரான றொஸ் குயின்லன் இதனைச் செம்மைப்படுத்தினார். ஒத்த இயல்புடையவற்றை முன்கூட்டிப் பெயரிடாமலே குழுக்களாகச் சேர்ப்பது மற்றொரு முறை. கரைக்கு வந்த மீனைக் கூறு கூறாகப் பிரிப்பது போன்றது அது. வழமைக்கு மாறான ஒன்றைக் கண்டு எச்சரிப்பது இன்னொரு முறை. வங்கி அட்டைகளில் நிகழும் மோசடிகள் இவ்வாறே கண்டுபிடிக்கப்படுகின்றன.

இம்முறைகளின் வலிமையையும் ஆபத்தையும் ஒருங்கே உணர்ந்த ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். 1899ஆம் ஆண்டிலே இந்தியாவிற் பருவமழை பொய்த்துக் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. மழையை முன்னறிய வழியுண்டா என்ற ஏக்கம் எங்கும் எழுந்தது. 1904ஆம் ஆண்டிலே இந்திய வானிலை அவதான நிலையங்களின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கில்பேட் வோக்கர் என்னும் கணித அறிஞர், உலகின் பல இடங்களிலிருந்து காற்றமுக்கம், மழை, வெப்பநிலை ஆகியவற்றின் ஏடுகளைத் திரட்டினார். இந்திய எழுத்தர் பலர் அவருக்காகக் கையினாலே கணக்கிட்டனர். எந்த இடத்து ஏற்ற இறக்கம் வேறெந்த இடத்து ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகின்றது என்று ஆண்டுக்கணக்காகத் தேடினர். அத்தேடலின் விளைவாக, பசிபிக் பெருங்கடற் பக்கத்தில் அமுக்கம் உயரும்போது இந்து சமுத்திரப் பக்கத்தில் அது தாழ்வதும், அங்கு தாழும்போது இங்கு உயர்வதுமாகிய ஒரு பேரூசல் வெளிப்பட்டது. தென் அலைவு என்று அவர் பெயரிட்ட அந்த இயல்பை, எல் நினோ எனப்படும் பசிபிக் கடல் வெப்பத்தோடு இணைத்து, 1969ஆம் ஆண்டிலே பியர்க்னெஸ் என்னும் அறிஞர் விளக்கினார்.

வோக்கருடைய பெருமை இக்கண்டுபிடிப்போடு முடிவதன்று. 1914ஆம் ஆண்டிலேயே அவர் ஓர் எச்சரிக்கையையும் எழுதி வைத்தார். நூற்றுக்கணக்கான ஒப்பீடுகளைச் செய்பவனுக்கு அவற்றுட் சில தற்செயலாகவே வியக்கத்தக்க அளவு பொருந்தித் தோன்றும். ஆகையால் ஒப்பீடுகளின் தொகை பெருகப் பெருகச் சான்றின் தரமும் உயர வேண்டும் என்பது அதன் சாரம். மாணவருக்கு இதனை விளக்க நான் ஒரு காசை எடுத்துக்கொள்வதுண்டு. ஆயிரம் மாணவர் ஆளுக்குப் பத்து முறை காசைச் சுண்டினால், சராசரியாக 1,024 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், யாரோ ஒருவருக்குப் பத்து முறையும் தலையே விழக்கூடும். அம்மாணவனுடைய கையிலே மந்திரம் ஏதுமில்லை. மறுநாளும் அவனையே சுண்டச் சொல்லிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தேடிக் கண்ட ஒழுங்கு வேறு, சோதித்து நிலைபெற்ற ஒழுங்கு வேறு. முன்னது ஐயம், பின்னதே அறிவு.

வோக்கர் கண்ட அந்த அலைவு நமது நாட்டின் பழைய துயரமொன்றையும் தொட்டு நிற்கின்றது. 1934, 1935ஆம் ஆண்டுகளிலே இலங்கையில் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1996ஆம் ஆண்டிலே பௌமா, வான் டெர் காய் என்னும் இரு ஆய்வாளர், இந்தியாவிலும் இலங்கையிலும் முன்னர் தோன்றிய மலேரியாக் கொள்ளைநோய்களின் பழைய பதிவுகளை எல் நினோ ஆண்டுகளோடு ஒப்பிட்டனர். நமது தீவின் தென்மேற்குப் பகுதியில் எல் நினோ ஆண்டுகளிலே கொள்ளைநோய் தோன்றும் வாய்ப்பு மிகுந்திருந்தமை புலப்பட்டது. அப்பதிவுகளை எழுதிய பழைய வைத்தியசாலை எழுத்தர் எல் நினோ என்ற சொல்லையே கேட்டிருக்கமாட்டார். அன்றைய மரண எண்ணிக்கையை அன்றே ஒழுங்காக எழுதினார், அவ்வளவே. அவர் எழுதியமையாலே பிற்காலத்தார் படித்தனர்.

இனி நமது கடலுக்கு வருவோம். மன்னார்க் குடாவின் முத்துப் பார்களைப் போல நெடுங்காலம் கணக்கு வைக்கப்பட்ட இயற்கைச் செல்வம் உலகிலே அரிது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் எந்த ஆண்டிற் குளிப்பு நடந்தது, அரசுக்கு எவ்வளவு வருவாய் கிடைத்தது என்று எழுதி வைத்தனர். அரிப்பு, சிலாவத்துறை, மருச்சுக்கட்டிக் கரைகளிலே குளிப்புக் காலத்தில் ஒரு நகரமே எழும். காலம் முடிந்ததும் மணல்வெளியே எஞ்சும். அந்த ஏடுகளைப் படிப்பவர் உடனே காணும் உண்மை ஒன்றுண்டு. முத்துக் கடல் ஆண்டுதோறும் தரும் கடல் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் குளிப்பு நடைபெறவில்லை. 1891ஆம் ஆண்டின் பின்னரும் பத்தாண்டுகளுக்கு மேல் கடல் வெறுமையாயிருந்தது.

அவ்வெறுமையின் காரணத்தை அறிய 1902ஆம் ஆண்டிலே லிவர்பூலைச் சேர்ந்த பேராசிரியர் ஹேட்மன் வந்தார். அவருடன் ஜேம்ஸ் ஹோர்ணலும் வந்தார். அவர்கள் பழைய பார் பரிசோதனைக் குறிப்புக்களை ஆராய்ந்தனர். பார்களிலே தாமும் நேரிற் சோதனை நடத்தினர். குஞ்சுச் சிப்பிகள் ஒரு பருவத்திற் கோடிக்கணக்கிலே காணப்பட்டு அடுத்த பருவத்தில் அடியோடு மறைந்துபோவதற்கு, நகரும் மணல் அவற்றை மூடுவதும், திருக்கை முதலிய மீன்கள் தின்றழிப்பதும் காரணங்களெனக் கண்டனர். அவர்களுடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக லண்டன் றோயல் சங்கத்தால் வெளியிடப்பட்டது. ஏட்டையும் கடலையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்த அப்பணி இன்றைய தரவு அகழ்வாளருக்கும் முன்மாதிரியாகத் தக்கது.

அதே காலத்திலே நிகழ்ந்த வேறொன்று நமக்கு எச்சரிக்கையாகவும் அமைகின்றது. 1903, 1904, 1905 ஆகிய மூன்று ஆண்டுகளும் முத்துக்குளிப்புச் சிறந்து விளங்கிற்று. 1905ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்த வருவாய் 25 இலட்சம் ரூபா அளவினதாகும். இந்த மூன்று ஆண்டுகளின் ஒளியிலே லண்டனில் ஒரு நிறுவனம் எழுந்து, 1906ஆம் ஆண்டு பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907ஆம் ஆண்டின் பின்னர் கடல் வாய்மூடிக்கொண்டது. அடுத்த குளிப்பு 1925ஆம் ஆண்டிலேதான் நிகழ்ந்தது. குத்தகைக் காலம் முடியுமுன்னரே அந்நிறுவனம் கலைந்துபோயிற்று. நூறாண்டுக் கணக்கு கச்சேரியிலே இருந்தது. முதலீட்டாளரின் நம்பிக்கையோ மூன்றாண்டுக் கணக்கில் ஊன்றி நின்றது. தரவு குறைந்தமையால் வந்த கேடு அன்று அது. தமக்கு இனிக்கும் பகுதியை மட்டும் படித்தமையால் வந்த கேடு. இன்றைய கணினிக்கும் இது பொருந்தும். மூன்று நல்ல ஆண்டுகளை மட்டும் ஊட்டினால், எத்துணைச் சிறந்த பொறியும் நான்காவது ஆண்டும் நல்லதே என்றுதான் கூறும்.

அண்மைக் காலத்திலே மன்னார்த் தீவு தந்த மற்றொரு பாடத்தையும் கூறவேண்டும். 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று. நாடு முழுவதும் மகிழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலே, வழமையான பூச்சியியற் கள ஆய்வின்போது, அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பு மன்னாரிலே கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களிலே மலேரியாவைப் பரப்பும் இந்த நுளம்பினம் அதற்கு முன் இலங்கையிற் காணப்படாதது. நமது தீவின் கிணறுகளே அதற்கு வளர்ப்பிடமாயிருந்தன. உடனே கிணறுகளிற் குடம்பிகளைத் தின்னும் மீன்களை விடுதல் முதலான நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டன.

இதிலே நாம் கருதத்தக்கது யாது? சான்றிதழ் கிடைத்துவிட்டதே, இனி ஏன் கிணறு கிணறாகச் சென்று பார்க்கவேண்டும் என்று அக்கள உத்தியோகத்தர்கள் ஓய்ந்திருந்தால், அந்நுளம்பு எவரும் அறியாமற் பரவியிருக்கும். வழமைக்கு மாறானதைக் காண வேண்டுமாயின் வழமையை முதலில் எழுதியிருக்க வேண்டும். இன்று நுளம்பில்லை என்று எழுதப்பட்ட நூறு வெற்றுப் பக்கங்களே, நுளம்புண்டு என்று எழுதப்பட்ட நூற்றோராவது பக்கத்துக்குப் பொருள் தந்தன. எந்தக் கிணறு, அதன் நீர் உவர்நீரா நன்னீரா, மூடியுண்டா, மாதம் எது என்ற விவரங்கள் ஒழுங்காகச் சேருமாயின், அடுத்து எக்கிணற்றைப் பார்க்கவேண்டும் என்பதைக் கூறும் தீர்மான மரம் ஒன்றைக் கணினி வரைந்து தரும். கால் நடந்து எழுதாத கணக்கைக் கணினி வரைய இயலாது.

கடற்றொழிலிலும் இத்துறை இறங்கியிருக்கின்றது. ஐதராபாத்திலே 1999ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்தியக் கடல்சார் தகவல் நிலையம், செயற்கைக்கோள் காட்டும் கடல்மேற்பரப்பு வெப்பநிலையையும், நுண்பாசிகளின் பச்சையத்தையும் ஒப்பிட்டு, மீன் திரளக்கூடிய இடங்களைத் தமிழ்நாடு உட்பட இந்தியக் கரை மீனவருக்கு அறிவிக்கின்றது. நமது நாட்டிலே 1981ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நாரா எனப்படும் நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம் ஆழ்கடற் சூரை மீனுக்கு இத்தகைய முன்னறிவிப்புக்களைத் தயாரித்துள்ளது. வெப்ப நீரும் குளிர் நீரும் சந்திக்கும் எல்லையிலே நுண்பாசி பெருகும். அதனை நாடிச் சிறு மீனும், சிறு மீனை நாடிப் பெரு மீனும் வரும் என்பதே இதன் அடிப்படையாகும்.

வாடை எழுமுன் வலையைத் திருத்துவதும், சோளகம் அடங்கும் நாளைக் கணிப்பதும், நீரின் நிறத்தைப் பார்த்து மீனின் வரவை அறிவதும் பேசாலையிலும் வங்காலையிலும் தாழ்வுபாட்டிலும் தந்தையிடமிருந்து மகன் கற்ற கல்வியாகும். செயற்கைக்கோள் அக்கல்விக்குப் பகையன்று, துணை. ஆனால் கரையோரச் சிறு வள்ளத்தின் பிடி எவ்வளவு, எங்கே, எந்நாளில் என்ற கணக்கு ஏட்டில் ஏறாவிட்டால், ஆய்வாளருடைய கணினியிலே பெருங்கலம் மட்டுமே மீன்பிடிப்பதாகத் தோன்றும். கடலைப் பற்றிய தீர்மானங்கள் அக்கணக்கைக்கொண்டு எடுக்கப்படும்போது, எழுதப்படாதவனுடைய வலைக்கு அங்கே இடமிராது.

நேயர்களே, இன்றைய பேச்சின் மையக் கருத்துக்கு இப்பொழுது வந்திருக்கின்றோம். தரவு அகழ்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஏட்டிலே இருப்பதைப் பற்றியே பேசுகின்றனர். மன்னாரிலே வாழ்ந்தவர்களாகிய நாம் ஏட்டில் இல்லாததைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டுள்ளோம். 1981ஆம் ஆண்டு நாடு முழுவதும் குடிசனக் கணக்கெடுப்பு நடந்தது. 1991ஆம் ஆண்டுக்குரிய கணக்கெடுப்பு நடைபெறவே இல்லை. 2001ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நிறைவேறிற்று. மன்னார் அவற்றுள் ஒன்றன்று. 2012ஆம் ஆண்டிலேதான் மீண்டும் நம் மாவட்டம் முழுமையாக எண்ணப்பட்டது. ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்த 1981ஆம் ஆண்டுத் தொகை, 2012ஆம் ஆண்டிலே ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்து காணப்பட்டது. இரண்டு எண்களுக்கிடையே 31 ஆண்டுகள் வெற்றுத்தாளாகக் கிடக்கின்றன.

அந்த வெற்றுத்தாளிலே என்ன இருந்தது என்பதைக் கணினி அறியாது, நாம் அறிவோம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலியிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குச் சென்றமை அதிலே அடங்கும். படகேறி இராமேசுவரம் போய் மண்டபம் முகாமிலே காலங்கழித்த குடும்பங்கள் அதிலே அடங்கும். மடுவிலே தஞ்சம் புகுந்தோர் அடங்குவர். இரு எண்களை மட்டும் கண்டு, இம்மாவட்டத்தில் மக்கட்பெருக்கம் மந்தம் என்று ஒரு பொறி முடிவு கூறுமாயின், அதன் கணிதம் சரியாகவே இருக்கும். அதன் கூற்றோ மனிதருக்கு ஒவ்வாததாயிருக்கும்.

பாடசாலை இடாப்பிலும் இதுவே நிலை. மாணவன் ஒருவன் வராது நின்றுவிட்டால் அவன் பெயருக்கெதிரே "விலகினார்" என்று எழுதுவது வழக்கம். ஒருவன் தந்தையோடு தொழிலுக்குப் போனமையால் நின்றான். மற்றொருவன் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போகநேர்ந்தமையால் நின்றான். இன்னொருத்தி, தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குச் சென்றமையால் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள நின்றாள். இடாப்பிலே மூவர்க்கும் ஒரே சொல். நாளைக்கு ஓர் ஆய்வாளர் நம் மாவட்டத்து இடாப்புக்களையெல்லாம் கணினிக்குள் இட்டு, இடைவிலகலின் காரணங்களைத் தேடுவார். வேறுபாடு எழுதப்படாத இடத்திலே எவ்வகைப் பொறியாலும் வேறுபாட்டைக் காண இயலாது. மூவரையும் ஒரே குழுவில் அடைத்து, ஒரே மருந்தை எழுதிவிடும். மீன்பிடிக் காலத்துக்கேற்ப வகுப்பு நேரத்தை மாற்றுவது முதலாமவனுக்கு உதவும். மூன்றாமவளுக்கு அதனாற் பயனில்லை. காரணம் என்ற ஒரு சிறிய பத்தியை, இரண்டு சொல்லேனும் இட்டு நிரப்புவதற்கு ஆசிரியருக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தால் ஒரு பிள்ளை மீண்டும் வகுப்புக்கு வரக்கூடும்.

எழுதுதல் வேண்டும் என்று கூறும்போது எச்சரிக்கை ஒன்றையும் சேர்த்துக் கூறுதல் முறையாகும். கொழும்பிலுள்ள லேர்ன்ஏசியா என்னும் ஆய்வு நிறுவனம், கைத்தொலைபேசி அழைப்புப் பதிவுகளைக்கொண்டு மக்கள் தலைநகருக்கு நாள்தோறும் எவ்வழியாக வந்துபோகின்றனர் என்று ஆராய்ந்தது. அப்பதிவுகளிலே ஆட்களை அடையாளங்காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டிருந்தன. அவ்வாறு நீக்குவது இன்றியமையாதது. யார், எங்கே, எப்போது என்ற விவரம் தவறான கைக்குப் போனால் என்ன விளையும் என்பதை இக்கரையிலே வாழ்ந்தவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பட்டியலிலே பெயர் இருப்பதற்கு அஞ்சிய காலமும் நமக்கு உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஆள்சார் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டிலே இயற்றப்பட்டிருக்கின்றது. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற விவரத்தை எவ்வளவுக்கு, எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதற்கு வரம்பு வேண்டும் என்பது அதன் அடிக்கருத்து. மக்கள் நம்பிக் கொடுத்தாலன்றி உண்மைத் தரவு ஏட்டுக்கு வாராது. அஞ்சிக் கொடுக்கும் விடை பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும். பொய்யை அகழ்ந்து மெய்யை எடுக்கும் பொறி இன்னும் உலகிலே செய்யப்படவில்லை.

ஆகவே இத்துறை நம் மாணவருக்கு வேண்டுவதா என்று கேட்போருக்கு என் விடை, மிக வேண்டுவது என்பதே. கலைப் பாடங்களைக் கற்றவன் நான். கணினியின் உள்ளமைப்பை விளக்க வல்லேனல்லேன். ஆயினும் வரலாறு கற்றவர் ஒரு சாசனத்தை எடுத்தவுடன் கேட்கும் வினாக்கள் சில உள. இதனை எழுதியவர் யார்? எதற்காக எழுதினார்? யாரை விட்டுவிட்டார்? தரவை அகழ்பவரும் இவ்வினாக்களையே கேட்கவேண்டும். கணிதம் கற்ற மாணவனும் வரலாறு கற்ற மாணவியும் ஒரே மேசையில் அமர்ந்து ஓர் ஏட்டைப் படிப்பார்களாயின், ஒருவர் காணத் தவறியதை மற்றவர் காண்பார்.

இக்கரையிலே இன்று ஏடு எழுதுவோர் பலர் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். கட்டுக்கரைக் குளத்தின் நீர்மட்டத்தைக் குறிப்பவர், வீடு வீடாகச் சென்று குழந்தையின் எடையை எழுதும் மருத்துவமாது, கடற்றொழிலாளர் சங்கத்தின் கணக்கை வைத்திருக்கும் செயலாளர், கிராம உத்தியோகத்தர், காலையிலே இடாப்பை விரிக்கும் ஆசிரியர் ஆகிய உங்கள் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பணி சலிப்பூட்டுவது. அதனைப் பாராட்டுவோரும் அரியர். எனினும் நேற்றைய பக்கத்தைப் பார்த்து இன்றைய பக்கத்தை நிரப்பாதீர்கள். கண்டதைக் கண்டவாறும், காணாததைக் காணவில்லை என்றும் எழுதுங்கள். போனவர் ஏன் போனார் என்பதையும் எழுதுங்கள். அதனைப் படிக்கப்போகின்றவர் இன்னும் பிறவாதவராக இருக்கலாம். அவர் கையிலே எத்தகைய பொறி இருக்குமோ, அறியோம். அப்பொறியிலே அவர் இடப்போகும் ஏடு இன்று நம்முடைய கையிலேதான் இருக்கின்றது.